தொட்டித் தண்ணீருக்கு நாற்பது நாள்

...திரும்பவும் வெள்ளையாகத்தான் நிற்கிறது, நேற்று மதியம் மாற்றிய தண்ணீர், கூழாங்கல்லை எல்லாம் வெளியே எடுத்துக் கொதிநீரில் அலசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து புதுசு போல ஆக்கி, கண்ணாடியை வினிகர் தொட்டுத் துடைத்து... இருந்தும் காலையில் விருந்தறைக் கதவைத் திறந்தால் யாரோ அரை டம்ளர் பாலை ஊற்றிவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. தொட்டி வந்து பதினோரு நாள். ஆறு முறை தண்ணீர் மாற்றியாயிற்று. ஐந்து கப்பி மீன் வந்தது, இப்போது இரண்டு, அதுவும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. செத்த மூன்றையும் முற்றத்தில் திராட்சைக் கொடிக்கு அடியில் புதைத்தேன், ஒன்றும் தோன்றவில்லை, கையைக் கழுவிக்கொண்டு வந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். மாவு நன்றாகத்தான் உப்பி வந்தது.

வாளி கையில் இருக்கிறது. பதினோரு மணிக்கு அத்தையின் சிநேகிதிகள் எட்டுப் பேர் வருகிறார்கள், மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கூடிச் சாப்பிடுகிறவர்கள், இந்த மாதம் நம் வீடு. அதற்குள் இந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும் என்று அத்தை விடியற்காலையிலேயே சொல்லிவிட்டாள், "ஹோஜர் வாய் உனக்குத் தெரியாது, ஊர் முழுக்கச் சொல்லிடுவா, உங்க மருமக மீனை மோர்லயா குளிப்பாட்டுறான்னு கேப்பா." கேட்பாள்தான். இந்த மார்கிலான் ஊரில் ஒரு மருமகளின் லட்சணம் வாசலில் தெரிந்துவிடும், சூரியன் வருவதற்கு முன் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும், தெரு முனையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, பொய் சொல்வானேன், கல்யாணம் ஆகி வந்த இரண்டு வருஷத்தில் என் வாசலைப் பற்றி ஒரு வாய் தப்பாகப் பேசியதில்லை. இந்தக் கைக்கு அழுக்கு ஆகாது. அழுக்கைப் பார்த்தால் அது தானாகவே கழுவப் போய்விடும், நான் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

நேற்று மூன்றாவது மீன் செத்த பிறகு பஜாரில் மீன் விற்கிற தோஹிர் அண்ணனுக்குப் போன் செய்தேன், நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், மனுஷன் சிரித்தே விட்டார். "ஏம்மா தங்கச்சி, நீ மீன் வளர்க்கிறியா, இல்ல பாத்திரம் விளக்குறியா?" புதுத் தொட்டி என்றால் கலங்கத்தான் செய்யுமாம், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் குடி வந்தால்தான் தண்ணீர் தானாகத் தெளியுமாம், நான் கழுவக் கழுவ அதுகளை வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டே இருக்கிறேனாம். சுத்தம் செய்துதான் மீனைக் கொன்றேன் என்று நேராகச் சொல்லாமல் வேறு விதமாகச் சொன்னார், நல்ல மனுஷன். "கைய வைக்காத. தீனி கொஞ்சமா போடு. இனிமே ஒரு வாட்டி மொத்தத் தண்ணியும் மாத்தின, மிச்சம் ரெண்டும் போயிடும்." எத்தனை நாள் ஆகும் அண்ணே என்று கேட்டேன். "பிள்ளைக்கு சில்லா காக்கிறோம்ல, அப்படின்னு வச்சுக்கோயேன், நாப்பது நாள் யாரும் கிட்டப் போகாதீங்க." அவருக்கு என்ன தெரியும் பாவம், வாடிக்கைக்காரிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சரிண்ணே என்று போனை வைத்தேன். வைத்துவிட்டு, பஞ்சை எடுத்துக் குழாயடியில் கழுவினேன். ஏன் கழுவினேன்?

சில்லா... போன வருஷம் என் புருஷன் இக்ரோமின் அண்ணி தில்னவோஸ் பிள்ளை பெற்றபோது இந்த வீட்டில்தான் இருந்தாள், நாற்பது நாள் அந்த அறைக் கதவை அத்தை காவல் காத்தாள், பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்க்க வந்து சூப்பை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். தில்னவோஸ் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்கவில்லை, அவளைத் தனியாக விடவில்லை, அந்திக்கு ஏற்றிய விளக்கை விடியும்வரை அணைக்கவில்லை. அத்தை ராத்திரிச் சாப்பாட்டின்போது விரலை மடக்கி இன்னும் இத்தனை நாள் என்று சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைப் பிட்பாள், ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பியதில்லை. எனக்கு ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. தொட்டி வருவதற்குப் பதினைந்து நாள் முன்னால். பிள்ளை இல்லையே, பிள்ளை இல்லாத இடத்தில் சில்லா எதற்கு, அதனால் நாலாம் நாள் விடியலில் அத்தை துடைப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள், "வேலையைப் பாத்தா மறந்துடும்," நான் வாங்கிக்கொண்டு பெருக்கினேன். ஆஸ்பத்திரியில் அதை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, இக்ரோமும் சொல்லவில்லை. அவன் ஒரு வியாழக்கிழமை இந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், "இதைப் பாத்துட்டிரு, மனசு லேசாகும்னு டாக்டர் சொன்னாங்க," அன்றைக்கு அத்தை மாவுக்குள் பூசணிக்காய் வைத்து மன்தி அவித்திருந்தாள், ஆவி பறக்கிற கையோடு வந்து அலமாரியில் இருந்த பீங்கான்களை அவளே எடுத்து மாற்றித் தொட்டிக்கு இடம் செய்தாள். எல்லோரும் நல்லவர்கள்தான். நான் நாளை எண்ணவில்லை, எதற்கு எண்ண வேண்டும், எண்ணினால் எங்கே போய் நிற்கும்... அழுகையும் வரவில்லை, வரட்டும் என்று இரண்டு முறை சும்மா உட்கார்ந்து பார்த்தேன், பிறகு கேரட் நறுக்க நேரமாகிவிட்டது.

மணி பத்து. குழாயை விட்டு உறிஞ்சினால் கால் மணியில் தொட்டி காலியாகும், புதுத் தண்ணீர் ஊற்றினால் விருந்து முடியும்வரை தெளிவாக இருக்கும், மீன் சாயந்திரம்தான் சாகும், விருந்தாளிகள் அதற்குள் போய்விடுவார்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. கையைத் தண்ணீருக்குள் விட்டேன், நவம்பர் மாதத் தண்ணீர், சில்லென்று இருக்க வேண்டும், மரக்கட்டையை விட்டது மாதிரி இருந்தது. சின்ன மீன் ஒன்று விரலருகில் வந்து நின்றது, வாயைத் திறந்தது, மூடியது. பின்னால் அத்தையின் செருப்புச் சத்தம்.

"இன்னுமா மாத்தல? எட்டுப் பேரும் இந்த ரூம்லதான் உக்காருவாங்க. நகரு, நான் புடிக்கிறேன்."

"வேணாம் அத்தை."

இந்த வீட்டுக்கு வந்து நான் சொன்ன முதல் வேண்டாம் இதுதான் என்று நினைக்கிறேன். பயமாகக்கூட இல்லை.

"என்ன வேணாம்? ஹோஜர் வந்து..."

"தண்ணியை மாத்தினா ரெண்டும் செத்துடும். கைய வைக்கக் கூடாதாம். நாப்பது நாள் ஆகல அத்தை."

அத்தை தொட்டியைப் பார்க்கவில்லை, தண்ணீருக்குள் இருந்த என் கையைப் பார்த்தாள், பிறகு குனிந்து என் காலடியில் இருந்த வாளியை எடுத்தாள். "விருந்தை முத்தத்து ரூம்ல போட்டுக்கலாம். ஹோஜர் கேட்டா நான் பேசிக்கிறேன். நீ இங்கேயே உக்காரு. இன்னும் பதினாலு நாள் இருக்கு." கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனாள்.

பதினாலா? தப்பு. தொட்டி வந்து பதினோரு நாள், நாற்பதில் பதினொன்று போனால் இருபத்தொன்பது, கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்... வியாழக்கிழமை அவளுக்கு மறக்காது, மன்தி அவித்த கையோடு அலமாரியை ஒழித்தவள், கணக்குத் தப்பாத மனுஷி. நாற்பதில் பதினாலு போனால் இருபத்தாறு. பதினோரு நாளோடு அதற்கு முந்தின பதினைந்தைச் சேர்த்தால் இருபத்தாறு. வெளியே அவள் யாரிடமோ மெத்தைகளை மாற்றிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள், குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. கையை வெளியே எடுத்தேன், குளிர்ந்தது, மணிக்கட்டுவரை வலித்தது. தண்ணீர் அப்படியேதான் கலங்கி நின்றது. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், முதல் நாளிலிருந்து. எண்ணிக்கொண்டேதான் நாலாம் நாள் என் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறாள்.