முன் சீட்

போன் வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தார். மனைவிதான் கூப்பிட்டாள்.

"டாக்டர் வண்டி நடுவழியில நின்னுடுச்சுங்க. இன்ஜின் போயிடுச்சாம். அப்பா வெயில்ல உக்காந்திருக்கார். நம்ம வண்டிய எடுத்துட்டு வாங்களேன்."

"இன்ஜினா? அந்த வண்டியிலயா?"

கவலையாகத்தான் கேட்க நினைத்தார். குரல் என்னவோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி வந்துவிட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கா தெரியாது?

"உங்க வயிறு குளிர்ந்தது இங்க வரைக்கும் கேக்குது. சீக்கிரம் வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டாக்டர் என்றால் பல் டாக்டர், மனைவியின் தங்கை புருஷன். அவர் வைத்திருந்த கறுப்பு எஸ்யூவியை வண்டி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் போலிருக்கும், அவ்வளவு பெரியது. அதை அவர் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். சர்வீஸுக்குக் கெடு வருமுன்பே கொண்டுபோய் விடுவார். எங்கே போய் நின்றாலும் இன்ஜினை உடனே அணைக்கமாட்டார், அது கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார். கண்ணாடி துடைக்க ஒரு துணி, உடம்பு துடைக்க வேறு துணி. கடைக்காரரின் சின்னக் காருக்கு அந்தக் கொடுப்பினை எல்லாம் கிடையாது. கூரையில் பெயிண்ட் வெளுத்து, இது என்ன நிறம் என்று கேட்டால் சொந்தக்காரரே யோசிக்கும் நிலைமை. ஏதாவது சத்தம் போட்டால்தான் மெக்கானிக்கின் முகத்தையே பார்க்கும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், கடைக்காரருக்குப் பொறாமை அந்த வண்டியின் மேல் இல்லை. அதன் முன் சீட்டின் மேல்தான்.

வீட்டுக்கு அவர் ஒரே மாப்பிள்ளையாக இருந்த காலத்தில் மாமனார் இந்தச் சின்னக் காரில்தான் ஏறுவார். பனைமரம் மாதிரி உயரம். சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் முழங்கால் முன்னே இடிக்கும். அப்படியே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவருக்குக் கண்ணே இல்லாத மாதிரி, "பாத்து மாப்பிள்ளை, லாரி வருது," என்று வழியெல்லாம் கையை நீட்டுவார். கடைக்காரர் சலித்துக்கொள்வார். மீசை முளைக்கும் முன்பே அப்பாவைப் பறிகொடுத்தவர் அவர். லாரி வருகிறது என்று தனக்காகப் பயப்பட ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பிடித்திருந்தது என்று மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்புறம் மாமனாருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. தாழ்ந்த சீட்டில் குனிந்து உட்கார முடியவில்லை. டாக்டரின் வண்டியில் படி இருந்தது, ஏறினால் சீட் சரியான உயரத்தில் இருந்தது. "நாற்காலியில உக்கார்ற மாதிரி இருக்கு மாப்பிள்ளை," என்று கள்ளம் கபடம் இல்லாமல் இவரிடமே வந்து சொன்னார். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்தான். இன்றைக்கும் உடம்பு சரியில்லாத அத்தையைப் பார்க்க எல்லாரும் அந்த வண்டியில் கிளம்பியபோது, கடையைச் சாக்குச் சொல்லி இவர் நின்றுவிட்டார். பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போக அவருக்கு விருப்பமில்லை.

கடையைப் பூட்டிவிட்டு முதலில் காரின் முன் சீட்டைத்தான் சுத்தம் செய்தார். காலிக் கண்ணாடிக்கூடுகள், பழைய பில்கள், நசுங்கிய தண்ணீர் பாட்டில் எல்லாம் டிக்கிக்குப் போயின. துருப்பிடித்த தண்டவாளத்தில் சீட் நகர மறுத்தது. காலால் உதைத்துக் கடைசிவரை பின்னால் தள்ளினார். உயரம் பற்றாதே என்று கடைக்குத் திரும்பி, வாடிக்கையாளர் நாற்காலியில் கிடந்த மெத்தையை எடுத்து வந்து போட்டார். தானே உட்கார்ந்து பார்த்தார். தாராளமாக உட்காரலாம். வழியெல்லாம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து அனுதாபத்தைப் பழகிக்கொண்டே போனார்.

பெரிய வண்டி சாலையோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அப்போதும் பளபளப்பு குறையவில்லை. முன் சீட்டில் கதவைத் திறந்து வைத்து மாமனார், மர நிழலில் அக்காவும் தங்கையும். டாக்டர் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். எப்போதும் சோப்பு மணக்கும் கை இரண்டிலும் கிரீஸ்.

"ஆயில் பாத்தீங்களா சகலை?" இந்தக் கேள்வியை வழியிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

"போன வாரம்தான் மாத்தினேன் அண்ணா."

பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இவர் மேல தப்பு இல்ல சார். இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிற வண்டிய நான் பாத்ததில்ல. உள்ள செயின் அறுந்திருக்கு. சில இன்ஜின் வர்றப்பவே அப்படி வந்துடும்."

ஒரு சின்னக் குற்றமாவது கிடைக்கும் என்று வந்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தானே அண்ணா செஞ்சேன்," என்றார் டாக்டர். "ஒண்ணுகூட விடலையே." சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. அழுகிறவர்களின் வாயைத் திறக்கவைத்துப் பல் பிடுங்குகிற மனிதர், நட்டநடுச் சாலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் பழகி வைத்திருந்த முகம் சமயத்துக்கு வரவில்லை. உள்ளே சந்தோஷம்தான் இருந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

"வாங்க மாமா," என்று கையை நீட்டினார். "சீட்ட நல்லாப் பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன். மெத்தையும் போட்டிருக்கேன், முட்டி மடங்காது."

மாமனார் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறங்கினார். இறங்கியவர் சின்னக் கார் பக்கம் வரவில்லை. பிடித்த கையை விட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றி டாக்டரிடம் போய் அவர் தலையில் கை வைத்தார்.

"எழுந்திருடா. மெஷின்டா அது. வா, உள்ள வந்து உக்காரு."

பிறகு திரும்பி, "நீங்க பொண்ணுங்களைக் கூட்டிட்டுக் கிளம்புங்க மாப்பிள்ளை. இழுத்துட்டுப் போற வண்டி வர்ற வரைக்கும் நான் இவன்கூட இருக்கேன்," என்றார்.

"நேரமாகும் மாமா. வெயில் வேற."

"ஆகட்டும். இவன் தனியா இருந்தா தாங்கமாட்டான். உங்களைப் பத்தி எனக்கு எப்பவும் கவலையே இருந்ததில்ல, நீங்க எதையும் தாங்குவீங்க." ஏறப் போனவர் நின்றார். "அந்த மெத்தைய மட்டும் கொடுத்துட்டுப் போங்களேன். முதுகுக்கு வெச்சுக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். மரியாதையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. இவரை ஒருநாளும் அவர் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. கடைக்காரர் மெத்தையை எடுத்துக்கொண்டுபோய், தானே அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார்.

அக்காவும் தங்கையும் வழக்கம்போல் சேர்ந்து பின்னால் ஏறிக்கொண்டார்கள். கார் கிளம்பியது, ஒரு முறைகூட இருமாமல். பக்கக் கண்ணாடியில் அந்தப் பெரிய வண்டி சிறுத்துக்கொண்டே போனது. ஓடாத வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமனார் கையை நீட்டி, சாலையில் எதையோ அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முன் சீட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளுங்களேன்," என்றாள் மனைவி. "காலியாத்தானே இருக்கு. எனக்குக் கால் இடிக்குது."

"நகராது. துருப்பிடிச்சிருக்கு," என்றார்.

எதிரே லாரி ஒன்று வந்தது. அவரே பார்த்து ஒதுங்கிக்கொண்டார்.