வெள்ளைத் தொப்பி வரும் நாள்

கலகெதரப் பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதகர் வருகிறார் என்றால் முஹைதீன் மாஸ்டருக்கு முதல் நாளே சோறு இறங்காது. பரிசோதகர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொன்னால் அரசாங்க நன்கொடை வரும். திருதிருவென்று விழித்தால் குறைந்துவிடும். நன்கொடை குறைந்தால் ஓர் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே பதில் சொல்லாத பிள்ளைகளை மாஸ்டர் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பொல்லாத மனுஷரில்லை, பயந்த மனுஷர்.

அப்படிப் போகிறவர்களில் றலியா முதல் ஆள். பள்ளிக்குப் பின்னால் அப்பம் சுட்டு விற்கும் ருக்கியாவின் மகள். பிறந்ததிலிருந்தே காது கேளாது. நாலு வருஷமாகக் கடைசி வாங்கில் உட்கார்ந்து எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“ரெண்டு எழுத்தாவது படிச்சுக் குடுங்கொ மாஸ்டர். எனக்குப் பொறகு அவள் எப்படிப் பொழைக்கிற?” என்று ருக்கியா கேட்காத வாரமில்லை. “பார்ப்பம் தங்கச்சி” என்பார் மாஸ்டர்.

பரிசோதனை நாளில் மட்டும் அவர் றலியாவுடன் பேசுவார். பரிசோதகரின் அகலமான வெள்ளைத் தொப்பியைத் தலைக்கு மேல் கையால் வட்டம் போட்டுக் காட்டி, அவள் வீட்டுப் பக்கம் விரலை நீட்டுவார். ஓடிவிடுவாள்.

இந்த வருஷமும் ஓடினாள். பரிசோதகர் இராஜரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பை எண்ணிச் செலவழிப்பவர். பிள்ளைகள் வாய்ப்பாட்டை மழையாகக் கொட்ட, அவரே தலையாட்டிவிட்டார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

போகும்போது பரிசோதகர் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “ஒரு விசயம் மாஸ்டர். காது கேளாத பிள்ளையளுக்குப் படிப்பிக்கத் தெரிஞ்ச ரீச்சர் ஒராளை இந்தப் பக்கம் போட யோசினை இருக்கு. சம்பளம் அரசாங்கம் குடுக்கும். உங்கட பள்ளியில அப்பிடிப் பிள்ளையள் இருக்கினமோ?”

“அப்படி ஒண்டும் இல்ல சேர். எல்லாம் நல்ல புள்ளைகள்.”

பழகிய நாக்கு, யோசிக்காமல் சொல்லிவிட்டது.

“சரி, அப்ப வேற பள்ளியைப் பாப்பம்” என்று பரிசோதகர் காரில் ஏறினார். பின்பக்கத்திலிருந்து அப்பம் வேகும் வாசனை வந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொன்னால் இத்தனை வருஷப் பொய்யும் வெளுத்துவிடும். நன்கொடையே போனாலும் போகலாம். சொல்லாவிட்டால் ருக்கியாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

“சேர், நில்லுங்கொ! பொய் செல்லிட்டேன். ஒரு புள்ள ஈக்குது.”

பரிசோதகர் காரிலிருந்து இறங்க, இருவரும் பள்ளியைச் சுற்றிப் பின்னால் போனார்கள். அப்பச் சட்டியை இறக்கிய ருக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற றலியா தொப்பியைக் கண்டாள். மாஸ்டரைப் பார்த்துத் தன் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டாள். அடுத்த நொடி கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பரிசோதகர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். “இதை ஆர் பழக்கினது?”

“நான்தான் சேர்” என்றார் மாஸ்டர்.

“எத்தினை வருசமா?”

“நாலு வருஷம்.”

“ஒருக்காலாவது பிழைவிட்டவளோ?”

“இல்ல சேர். ஒருக்காலும் இல்ல.”

“அப்ப நல்லாப் படிக்கக்கூடிய பிள்ளை. ரீச்சரை இங்கயே போடச் சொல்லி எழுதிறன்.” பிறகு மாஸ்டரைப் பார்த்து, “மற்றக் கதையை நாங்கள் பிறகு கதைப்பம்” என்றார்.

ருக்கியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாஸ்டர் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பி, வா என்று கையை அசைத்தார். அந்தச் சைகையை அவர் அவளுக்கு அதுவரை காட்டியதே இல்லை. றலியா அவர் கையைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், அசையவில்லை.

பரிசோதகர் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள்.