ஒட்டகச்சிவிங்கி காட்டிய கோடு

நான் ஒரு தடவை முடியாது என்றால் முடியாதுதான். எங்கள் விளையாட்டுக் கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரிய கடைத்தொகுதியின் மேல்மாடியில், பேருக்குக்கூட ஒரு சன்னல் இல்லாத கூடம் அது. சுற்றும் கோப்பைகள், மோதல் கார்கள், பந்துக்குளம், ஆளை இழுத்தும் நசுக்கியும் காட்டும் கண்ணாடி அறை, எல்லாவற்றுக்கும் நடுவில் என்னுடைய ரயில். கூரையை ஒட்டி ஏறி, பந்துக்குளத்தின் தலைக்கு மேலே ஒரு வளைவு வளைந்து, சடாரென்று கீழே இறங்கும். ஒரு சுற்று ஐம்பது வினாடி. அதற்காகப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பார்கள்.

வரிசையின் முனையில் நான் நிற்பேன். என் பக்கத்தில், பலகையில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்னங்காலை நீட்டியபடி சுவரில் நிற்கும். அந்தக் காலுக்கு அடியில், அதே பலகையில் சிவப்புக் கோடு. நூற்றிருபது சென்டிமீட்டர். தலை கோட்டைத் தொட்டால் ரயில், தொடாவிட்டால் பந்துக்குளம்.

இந்த வேலைக்கு வந்தபிறகு மனிதர்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்துவிட்டது. மகனின் காலுறைக்குள் காகிதத்தை மடித்து வைத்து அனுப்புகிற அப்பாக்கள் உண்டு. உச்சிக்கொண்டைக்குள் ஒரு ஜோடி சாக்ஸைத் திணித்து அனுப்பிய அம்மாவை நானே பிடித்திருக்கிறேன். "செருப்பைக் கழட்டு, கொண்டையை அவிழ், குதிகாலைத் தரையில வை." இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வேன். உடன் வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். வைத்துக்கொள்ளட்டுமே. இருக்கையின் இரும்புத் தடி அந்த உயரத்துக்குத்தான் செய்யப்பட்டது. குட்டையான பிள்ளை வளைவில் தடிக்கு அடியில் வழுக்கிப் போனால், அந்த அப்பா வந்து பிடிப்பாரா?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் நான். கோட்டுக்குக் கீழே தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பின் ஓரம் மடங்கி ஒரு அம்மா தடுக்கி விழுந்தபோது, மேனேஜர் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தார். நான் விடுவேனா? துப்புரவுக்காரர்களைக் கூப்பிட்டு ஒரே காலையில் அத்தனையையும் பெயர்த்து எடுக்க வைத்தேன். அதையும் பெருமையாகத்தான் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து என் தங்கச்சி மகளின் எட்டாவது பிறந்தநாள் வந்தது. வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். உருண்டையாக, சின்னதாக, ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவாள். ஐந்து வயதிலிருந்து ஒரே கேள்வி, "பெரியம்மா, உங்க ரயில்ல நான் எப்போ ஏறுவேன்?" அன்று ஏழெட்டுத் தோழிகளோடு வந்தாள். வரிசையில் நிற்கும்போதே, "இது எங்க பெரியம்மா ரயில்," என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாள்.

தோழிகள் எல்லோரும் கோட்டைத் தொட்டார்கள். பட்டாணி தொடவில்லை. விரல் கனம்தான் குறைந்தது.

"காலையிலதான் வீட்டுல அளந்தேன்," என்றாள் தங்கச்சி. "நூத்தி இருபதரை இருக்கா. நல்லாப் பாரு."

"கோடு இங்க இருக்கு. தலை அங்க இருக்கு. இதுல என்னத்த நல்லாப் பாக்க?"

"அக்கா, நான் குழந்தைங்க ஆஸ்பத்திரியில நர்ஸு. ஒரு நாளைக்கு நாப்பது பிள்ளைங்களை அளக்கறவ."

"அங்க நீ நர்ஸு. இங்க நான்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தத் தங்கச்சி மகளையே திருப்பி அனுப்புகிறாள் பார் என்று எல்லோரும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பட்டாணி அழவில்லை. என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பிறகு அவள் அம்மாவிடம் திரும்பி, "சும்மா சொன்னியாம்மா?" என்று கேட்டாள். தங்கச்சி முகத்தில் ஈயாடவில்லை. குழந்தை என் வார்த்தையைத்தான் நம்புகிறது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. தோழிகள் ரயிலில் ஏறினார்கள். பட்டாணி பந்துக்குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ரயில் தன் தலைக்கு மேலே போவதை அண்ணாந்து பார்த்தாள்.

அன்றிலிருந்து தங்கச்சி என்னோடு பேசவில்லை. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு ரயிலுக்காக இத்தனை வீம்பா, போகட்டும், தானாக வருவாள் என்று நானும் விறைப்பாக இருந்தேன். பத்து மாதம் ஓடிப்போனது. வெளியேதான் விறைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு தையற்கார அம்மா மகனோடு வந்தார். பையன் கோட்டைத் தொடவில்லை. வழக்கம்போல, "பந்துக்குளம் அந்தப் பக்கம்," என்றேன்.

"என் பையன் நூத்தி இருபத்தொண்ணு மேடம். போன வாரம்தான் பேன்ட் தைக்க அளந்தேன்."

"பேன்ட்டுக்கு அளக்கறது வேற, ரயிலுக்கு அளக்கறது வேற."

"எதுக்கு அளந்தாலும் அளவு ஒண்ணுதாம்மா," என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பையனை எதுக்கு அளக்கறீங்க? கோட்டையே அளந்து பாருங்க. வரிசையில எல்லாரும் பாக்கட்டும்," என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அந்த அம்மா டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்து, கோடு வரை இழுத்தார். "நூத்தி இருபத்திரண்டு."

"உங்க டேப் பழசு. இழுபட்டுப் போயிருக்கும்."

"இழுபட்ட டேப் அளவைக் குறைச்சுல்ல காட்டும்? கூட்டிக் காட்டாதே," என்றார். நக்கலாக அல்ல, பொறுமையாக, தொழில் தெரிந்தவர் சொல்வதுபோல.

ரயிலை நிறுத்திவிட்டு ஸ்பேனரைக் கூப்பிட்டேன். ஸ்பேனர் என்பது எங்கள் மெக்கானிக். அவர் இரும்பு டேப்பை வைத்து அளந்தார். நூற்றிருபத்திரண்டு. இரண்டாம் தடவையும் அதே. தலையைச் சொறிந்தார், தரையைப் பார்த்தார்.

"அடடா, விரிப்பு!" என்றார். "விரிப்பு போட்டப்போ அது ரெண்டு சென்டிமீட்டர் கனம் இருந்துச்சுக்கா. அதுக்காகப் பலகையையும் ரெண்டு சென்டிமீட்டர் ஏத்தி அடிச்சேன். எடுக்கறப்போ இறக்கியிருக்கணும். எடுத்தது யாரு? நான் அப்போ லீவுல இருந்தேனே."

எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? பையனை ரயிலில் ஏற்றி, தடியை இறக்கி, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. தையற்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவர் பையனைப் பார்த்துக் கையாட்டப் போய்விட்டார்.

மேனேஜர் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. "தப்புன்னாலும் நல்ல பக்கம்தானே தப்பு? குறைச்சு வச்சிருந்தாத்தான் வம்பு. இறக்கி அடிச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை, யாரும் விழவில்லை.

ஆனால் எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தினமும் காலையில் ஒரு தாளில் டிக் போடுவோம். பலகை ஆடுகிறதா, கோடு தெளிவாகத் தெரிகிறதா, துடைத்தாயிற்றா என்று மூன்று கேள்வி. ஒரு வருஷமாக மூன்றுக்கும் நானே டிக் போட்டிருக்கிறேன். கோடு எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று அந்தத் தாள் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எத்தனை பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். அவர்கள் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. ஒரு வீடு மட்டும் தெரியும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. தங்கச்சிக்கு யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? அப்படி நினைத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

விரிப்பின் ஒரு துண்டை ஸ்பேனர் தான் உட்காரும் ஸ்டூலின் மேல் போட்டு வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த ரப்பர் துண்டைப் பார்த்தாள். "செருப்பைக் கழட்டிட்டு வா," என்றாள். பத்து மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பட்டாணி சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். சமையலறைக் கதவுச் சட்டத்தில் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. கடைசிக் கோடு அந்தப் பிறந்தநாள் அன்று போட்டது. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

"அப்புறம் அளக்கலையா?" என்றேன்.

"நிக்க மாட்டேங்கறா," என்றாள் தங்கச்சி, மெதுவாக. "ஸ்கூல்ல அளந்தா நிக்கறா. நான் அளந்தா மாட்டா. அம்மா கூட்டிச் சொல்லும்னு சொல்றா. காய்ச்சல் குறைஞ்சிருக்குடின்னாலும் சும்மா சொல்றியான்னு கேப்பா. நீ நல்லாப் பாடினேன்னு சொன்னா, அதையும் நம்ப மாட்டா. அவளுக்கு நான் பொய்க்காரிக்கா."

நான் இதை ரயிலுக்கான கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்! தங்கச்சியிடமிருந்து நான் எடுத்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

"பட்டாணி, இங்க வாம்மா."

"என்னைப் பட்டாணின்னு கூப்பிடாதீங்க," என்றாள். ஆனாலும் வந்தாள்.

ரப்பர் துண்டைக் கதவுச் சட்டத்தின் கீழே வைத்தேன். பலகை ஏறியது, விரிப்பை நான் எடுக்க வைத்தது, பலகை இறங்காதது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. அவள் உட்கார்ந்து துண்டின் கனத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதன்மேல் ஏறி நின்றாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கெட்டிக்காரப் பெண். வாய்க்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"அப்போ அன்னிக்கு அம்மா சொன்னது?"

"சரி. அரை சென்டிமீட்டர்கூடக் கூட்டிச் சொல்லலை. தப்பு என் கோடு. அதை விடப் பெரிய தப்பு என் வாய்."

"அப்போ நான் ஏறியிருக்கலாம்?"

"ஏறியிருக்கலாம்மா. என்னை மன்னிச்சிடு."

தங்கச்சி அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் எழுந்து, மேசையிலிருந்த பென்சிலை எடுத்தேன். ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது.

"வா, இப்போ நீ எவ்வளவு இருக்கேன்னு பாப்போம்," என்றேன்.

"நீங்க வேணாம் பெரியம்மா," என்று பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ரப்பர் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். முதுகைச் சட்டத்தோடு ஒட்டி, குதிகாலைத் தரையில் பதித்து நேராக நின்று, பென்சிலை நீட்டினாள். "அம்மா, நீ அள."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளின் தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, கோடு போட்டு, டேப்பைப் பிடித்தாள். இரண்டு தடவை அளந்து பார்த்தாள்.

"போட்டாச்சு. திரும்பி நீயே பாத்துக்கோ," என்றாள்.

பட்டாணி திரும்பவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பாக்க வேணாம்மா. நீ சொல்லு, போதும்."