நீதிபதிக்கு ஓர் அறிமுகம்

மாலை ஐந்து இருபதுக்கு றஜிதாவின் கார் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டிலிருந்து கிளம்பியது. ரொறன்ரோ நகர மையத்துக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்திலிருந்த அப்பா நீக்கிலாஸ் சீற்பெல்ற்றை நாலு தரம் கழற்றி மாட்டிவிட்டார்.

“என்னப்பா, இருப்புக் கொள்ளாமல் நெளியுறியள்? பேசப்போறது நான்.”

“பெல்ற் இறுக்குது.”

“கேள்வி நேரத்திலை கையைத் தூக்கி என்ர மானத்தை வாங்கிப்போடாதேங்கோ. அண்டைக்கு மேயரிட்டைக் குப்பை லொறியைப் பற்றிக் கேட்டியளே!”

“அது நியாயமான கேள்விதானே.”

மகள் சிரித்தாள். சட்டப் படிப்பில் அவளுக்கு இது கடைசி வருடம். இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் தோண்பரி பிரபுவைப் பல்கலைக்கழக மண்டபத்தில் அறிமுகம் செய்ய அவளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். லண்டனில் மேற்படிப்புக்கு அவர் ஒரு சிபாரிசுக் கடிதம் தந்தால் அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

மூன்று கிழமைக்கு முன் பிரிட்ஜில் ஒட்டியிருந்த அழைப்பிதழில் நீக்கிலாஸ் அந்தப் பெயரைப் பார்த்தார். அன்றோடு நித்திரை போனது. தொண்ணூறாம் ஆண்டு லண்டனில், இருபது நிமிட அகதி விசாரணையில், அவரையும் அண்ணன் யோசப்பையும் இலங்கைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று தீர்ப்புச் சொன்னவர் இதே தோண்பரி. யோசப்பை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியது வரைக்கும் தெரியும். பிணையில் வெளியே நின்ற நீக்கிலாஸ் வேறொருவரின் பாஸ்போட்டில் கனடாவுக்கு வந்துவிட்டார். பெரியப்பா சண்டையில் காணாமல் போனார் என்றுதான் மகளுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கதையில் லண்டனே இல்லை.

இப்போது சொன்னால் மகளுக்குக் கடிதம் கைநழுவிப் போகும். முப்பது வருடமாய் மறைத்ததும் வெளியே வரும்.

மண்டபத்தில் றஜிதா தாளைப் பார்க்காமலே பேசினாள். யோர்க்‌ஷயரில் கம்பளிக் கடைக்காரரின் மகன். இருபத்தாறு வயதில் வழக்கறிஞர். முப்பத்தைந்தில் பாராளுமன்றம். மூன்று தேர்தல்களில் வென்றவர் நாலாவதில் தோற்றார். வாக்காளர்கள் கைவிட்டதால்தான் நீதிபதியானேன் என்று அவரே சொல்வாராம். சபை சிரித்தது. நீதிமன்றத்தில் பத்தொன்பது ஆண்டுகள். பிறகு பிரபுக்கள் சபை.

பத்தொன்பது ஆண்டுகளை மகள் ஒரே மூச்சில் கடந்துவிட்டாள். நீக்கிலாஸ் எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து வேறு கதிரையில் இருந்தார். அதுவும் சரிவரவில்லை.

கேள்வி நேரத்தில் அவருடைய கை தானாக உயர்ந்தது. மைக்கோடு ஒருத்தி ஓடிவந்தாள். மேடையில் றஜிதா கண்ணை மூடிக்கொண்டாள். நீக்கிலாஸ் மைக்கை வாங்கினார், பிடித்திருந்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார்.

கூட்டம் முடிந்து தேநீர் வைத்தார்கள். எண்பத்தாறு வயதுப் பிரபு தடியை ஊன்றிக்கொண்டு அவர்களைத் தேடி வந்தார்.

“நாளைக்கே கடிதம் தாறாராம், அப்பா!” றஜிதா காதுக்குள் சொன்னாள்.

பிரபு கையை நீட்டினார். மெலிந்த கை, ஆனால் பிடி இறுக்கம். இப்படி ஒரு மகளை வளர்த்ததற்குப் பாராட்டினார். கையை விடாமல் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் எப்போதாவது இங்கிலாந்துக்கு வந்திருக்கிறீர்களா?”