இருபத்தாறாம் எண் இலந்தை

இன்சீனில் தண்டவாளத்தோரம் நின்ற நாற்பத்தொரு காட்டு இலந்தை மரங்களில் இருபத்தாறாவது மரம் இடது காலால் நொண்டியது. காற்றடித்தால் மற்ற மரங்கள் ஆடும். இது இடப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும். அது காலமான செல்லையாவின் நடை என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நகரத்து நடுவே கியாக்டடாவில் ஒரு வங்கியில் பியூனாக இருந்த செல்லையா முப்பது வருடம், நகரைச் சுற்றி ஓடும் சுற்று ரயிலில் வீடு திரும்பியவர். அந்த ரயிலில் எல்லோரும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இலந்தைப்பழம் தின்று, இன்சீன் நெருங்கும்போது கொட்டையை ஜன்னல் வழியே துப்புவார்கள். துப்பியவரின் உடல்வாகும் கொட்டையோடு போய்விடும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஷீபாவின் மரத்தில் இலையெல்லாம் மச்சம். நெட்டையரான சிங்கராயரின் மரம் சிக்னல் கம்பத்தைத் தாண்டிவிட்டது. துணிக்கடை இக்பாலுக்கு இருபது வயதிலேயே வழுக்கை; அவர் மரத்தில் ஒரு முள் கிடையாது. ஒரே காட்டுச்சாதி, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அந்த மார்கழியில், தண்டவாள வேலைக்காக மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பக்கத்து ஊரான ஷ்வேப்யிதாவில் நாற்றுப்பண்ணை நடத்தும் முதலாளி ஊ சோ மின், அதற்குள் நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கன்று போட நினைத்தார். அளக்கும் வேலை பண்ணையில் வேலை பார்த்த விஜயகுமாரிக்கு. அவள் செல்லையாவின் மகள். பழத்தின் எடை, கொட்டையின் பருமன், முள்ளின் எண்ணிக்கை என்று ஒவ்வொரு மரமாக எழுதிக்கொண்டு வந்தாள். தரவரிசையில் அப்பாவின் மரம்தான் கடைசி: சுண்டைக்காய் அளவு பழம், அதில் முக்கால்வாசி கொட்டை, வாயில் வைக்க முடியாத புளிப்பு.

அம்மா சொர்ணம்மாளுக்கு ஆறவில்லை. "அப்பாவுக்கு ரெண்டு மார்க் கூடப் போட்டா உன் கை அழுகிப்போயிருமா?" என்று கேட்டாள்.

"பொய்யா எழுதினா அது அப்பா மரமே இல்லம்மா," என்றாள் விஜயகுமாரி. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். அவளுக்கு அப்பாவின் ஞாபகமாக உயிரோடு மிஞ்சியிருந்தது அந்த மரம் மட்டும்தான்.

பழம் பெரிது, முள்ளும் இல்லை என்று இக்பாலின் மரம் தேர்வாயிற்று. ஏதோ பொதுவான இலந்தை நாற்றை வேர்ப்பாகமாக வைத்து, அதில் இந்த மரத்தின் தளிர்மொட்டை ஒட்டிக் கட்டி ஐந்நூறு கன்றுகள் போட்டார்கள். ஆடியில் பெய்த மழையில் பண்ணைக்குள் பதினொரு நாள் தண்ணீர் வடியவில்லை. ஐந்நூறும் வேரழுகிச் செத்தன. தண்டவாளத்தோரமும் குளமாகி, வெட்டும் வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அங்கே நாற்பது மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. இருபத்தாறாவது மட்டும் பச்சையாக நின்றது. அது இடது வேரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்தது. செல்லையா வீட்டில் உட்காரும்போதெல்லாம் வலிக்கிற காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைப்பாரே, அப்படி.

விஜயகுமாரி நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினாள். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் அவளே மார்கழியில் எழுதியிருந்தாள்: 'இடது வேர் ஈரத்தில் நிற்பதில்லை.' பழத்தையே பார்த்துக்கொண்டிருந்த இருவரும் அந்தக் கட்டத்தை மறந்துபோயிருந்தார்கள். ஊ சோ மின் இரண்டு முறை படித்தார். யாரும் தின்னாத அந்தப் புளிப்புப் பழங்களை அடுத்த மார்கழியில் ஒன்று விடாமல் பொறுக்கி, கொட்டைகளை விதைத்தார்கள். முளைத்த கன்றுகளை வேர்ப்பாகமாக வைத்து, அவற்றில் இக்பால் மரத்தின் தளிர்மொட்டை ஒட்டிக் கட்டினார்கள்.

செய்தி கேட்டு இக்பால் பண்ணைக்கே வந்து பார்த்தார். "தலை என்னுது, காலு செல்லையாவுதா? சரிம்மா. அவன் நின்னாத்தான் நான் நிக்க முடியும்," என்றார்.

வைகாசியில் நாற்பத்தொரு மரங்களையும் வெட்டினார்கள். இருபத்தாறாவது விழுந்தபோது விஜயகுமாரி அங்கே போகவில்லை. பண்ணையில் கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஷ்வேப்யிதாவில் காற்றடித்தால் இரண்டாயிரம் கன்றுகள் இடது காலால் நொண்டுகின்றன. வாங்குகிறவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை. இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நடுகிறார்கள். சொர்ணம்மாளின் வாசலிலும் ஒன்று நிற்கிறது. அதை நட்ட அன்று சாயங்காலம் அவள் பரணிலிருந்து முக்காலியை இறக்கித் துடைத்து, மரத்தின் இடப்பக்கம் வைத்தாள். இரண்டாம் மழைக்காலத்தில் வேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.