எனக்காகக் கொதித்த ஒயின்

சிம்ஹா அம்மாளின் ஒயின் ஆலைக்குள் போகும்போது என் இரண்டு கைகளையும் கழற்றி, வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவேன். வலது கையை இடது கை கழற்றும். இடது கை தானாகவே கழன்றுகொள்ளும். அது கொஞ்சம் விவரமான கை.

நான் அங்கே மோட்டார் மெக்கானிக். கம்பம் பள்ளத்தாக்கில் என்னைவிட நல்ல மெக்கானிக் கிடையாது என்று நானே சொல்லக் கூடாது. வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். கைகள் வெளியே தொங்கும். நான் உள்ளே நின்று வாயால் பழுது பார்ப்பேன். அந்த நட்டைத் திருகு, இந்த வாஷரை மாற்று என்பேன். ஆலை ஆட்கள் செய்வார்கள். மோட்டார் ஓடும்.

சிம்ஹா அம்மாள் கொச்சியிலிருந்து வந்த யூதக் குடும்பம். அவர் போடுவது கோஷர் ஒயின், அதாவது யூதச் சட்டப்படி சுத்தமான ஒயின். திராட்சையை நசுக்கியதிலிருந்து புட்டியை மூடி முத்திரை வைக்கிறவரை, சனிக்கிழமை ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் மட்டும்தான் அதைத் தொடலாம். வேறு ஆள் தொட்டால் ஒயின் கெட்டது. புளிக்காது, நாறாது, பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் அவர்கள் குடிக்க முடியாது. அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தானாம்.

இதைக் கண்காணிக்கப் பெசலேல் என்று ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மனிதராக இருந்தவர். பொறுப்பு கூடக் கூடப் பூட்டாகிவிட்டார். இப்போது பீப்பாய் அறைக் கதவில் தொங்குகிறார்.

"கை?" என்பார்.

"ஆணியில இருக்கு."

"ரெண்டுமா?"

"பின்ன என்ன, மூணா வெச்சிருக்கேன்?"

கிளிக் என்று திறந்துகொள்வார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் நான் தெருவில் நடந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். எல்லோரும் அல்ல, எழுந்து நிற்க வேண்டியவர்கள். அப்படிப்பட்டவன் இங்கே கையில்லாமல் நின்றேன். அவமானமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிடும்போது கைகளைக் கொஞ்சம் கூடுதலாக ஆட்டிக்கொள்வேன்.

ஆலையில் ஒரே ஒரு பீப்பாய்தான் முக்கியம். புதிதாக நட்ட கொடியில் முதல் மூன்று வருடப் பழத்தைத் தின்னக் கூடாது, விற்கக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம். பழுத்த குலைகளைச் சிம்ஹா அம்மாள் தன் கையாலேயே வெட்டி மண்ணில் போட்டார். பார்த்தவர்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாலாம் வருடம் எடுத்த முதல் ஒயின்தான் அந்தப் பீப்பாயில் இருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிம்ஹா அம்மாள் அதற்குத் தினமும் செய்தித்தாள் படித்துக் காட்டினார். விபத்துச் செய்திகளை மட்டும் விட்டுவிடுவார்.

அந்த ஒயினுக்கு ஒரு வாசனை இருந்தது. நுகர்ந்தவருக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். சிம்ஹா அம்மாளுக்கு இறந்துபோன தங்கையின் செல்லப்பெயர் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஒருநாள் முழுக்க அழுதார், சந்தோஷமாகத்தான். எனக்கு 'சன்னாசி' என்ற பெயர் வந்தது. யாரென்று தெரியவில்லை. வாசனை ஆள் மாறி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பீப்பாயைத் திறக்க ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குறித்தார்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே விருந்து.

"தவசி, நீயும் வந்துரணும்," என்றார் சிம்ஹா அம்மாள்.

"கை?"

"ஆணியில இருக்கட்டும். உன் கிளாஸுல நான் ஊத்தி வைக்கிறேன். ஸ்ட்ரா போட்டுக் குடிச்சுக்க."

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னம்மா நியாயம் இது? மனுசன் தொட்டா என்ன ஆயிரும்? ஒருத்தன ஒருத்தன் எட்டி நிக்கச் சொல்றது மனுசனுக்கு அழகா?"

நல்ல கணீர்க் குரலில் சொன்னேன். எனக்கே பிடித்திருந்தது. இன்னொரு முறை சொன்னேன். அந்தப் பேச்சுக்கு இடம் போதாமல் தாழ்வாரம் சற்று நீண்டது. பெசலேல் கதவில் தொங்கியபடி அதை மனப்பாடம் செய்தார்.

சிம்ஹா அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சொல்றது சரிதான்," என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போடத்தான் தயாராக இருந்தேன்.

"ஒயினுக்கு ஒரு வழி இருக்கு," என்றார். "முன்னாடியே கொதிக்க வெச்சிட்டா அப்புறம் யாரு தொட்டாலும் கெடாது. அதுவும் பழைய சட்டம்தான்."

"கொதிச்சா ருசி?"

"கொறஞ்சுரும்."

"வாசனை?"

"அதுதான் மொதல்ல போகும்."

"அப்ப வேணாம்மா."

"நீ கையோட வந்து பந்தியில உக்காரு. ஒயின் கெடந்துட்டுப் போகுது."

நான் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. ஆனால் கையோடு உட்காரும் ஆசை அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பந்தலுக்கு வெளியே கொப்பரையை ஏற்றினார்கள். சைக்கிளில் விறகு வந்து இறங்கியது. கொண்டு வந்தவரையே அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். புகை நடுவே அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவுமில்லை. ஒயினை ஊற்றினார்கள். கொதித்தது. வாசனை கொப்பரையை விட்டு எழுந்து, பந்தலைத் தாண்டி, கம்பம் சாலையில் இறங்கி, பேருந்துக்காக நின்றது. பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டது.

சிம்ஹா அம்மாள் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். மொத்த ஆலையும் அவர் வாயைப் பார்த்தது.

"ஒயின்தான்," என்றார்.

தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பந்தலுக்குப் போனார். என் ஒருவனுக்காக அத்தனை வருடக் காத்திருப்பும் பஸ் ஏறிவிட்டது. எனக்குக் கூசியது. தரையைப் பார்த்தேன். தரை வேறு பக்கம் பார்த்தது.

பந்தியில் என் கைகள் எனக்கு முன்பே வந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு காத்திருந்தன. பெசலேல் விருந்துக்காக மனிதராகி வந்திருந்தார். கழுத்தில் சாவித்துவாரம் மட்டும் மிச்சம் இருந்தது.

"தவசி, நீயே எல்லாருக்கும் ஊத்து," என்று சிம்ஹா அம்மாள் கூஜாவைக் கொடுத்தார்.

அது மரியாதை. எனக்குத் தெரிந்தது. ஊற்றினேன். ஒருவருக்கு ஊற்றினால் அவருக்கு அப்பால் பெஞ்ச் கொஞ்சம் நீளும். இன்னொருவர் இருப்பார். என் கைகள் சிலிர்த்துக்கொண்டு ஊற்றின. நெஞ்சு நிமிர்ந்து போனது. பெஞ்சின் கடைசிக்கு வந்தேன்.

அங்கே விறகு கொண்டு வந்தவர் உட்கார்ந்திருந்தார். தோளில் சாம்பல். அவர் முன்னாலும் எல்லோருக்கும் வைத்தது போலவே ஒரு கண்ணாடிக் கிளாஸ்.

"அவர் பேரு சன்னாசி," என்றார் சிம்ஹா அம்மாள். "உங்க ஊருதானாம்."

அந்தப் பெயர் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. காலனி ஆள். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு விறகு போடுகிறவர். நாங்கள் அவரை 'டேய் விறகு' என்றுதான் கூப்பிடுவோம்.

என் வலது கை கூஜாவைக் கீழே வைத்தது. என் சட்டைக்குள் போனது. ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தது. விளிம்பு நசுங்கிய டம்ளர். எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் கவிழ்த்து வைத்திருப்போமே, அது. நான் கொண்டு வரவில்லை. சத்தியமாகக் கொண்டு வரவில்லை. கை கண்ணாடிக் கிளாஸைத் தள்ளிவிட்டு டம்ளரை அவர் முன்னால் வைத்தது.

பந்தி முழுக்கப் பார்த்தது.

"அட, நம்ம டம்ளரு!" என்றார் சன்னாசி. "இங்கிட்டும் வந்துருச்சா? நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி வந்துருதுங்கய்யா."

அவர் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் குத்துக்காலிட்டார். டம்ளரை இரண்டு கைகளாலும் தாழப் பிடித்தார்.

"ஊத்துங்கய்யா. எட்டி நின்னே ஊத்துங்க, நான் புடிச்சுக்கிறேன்."

கை உயரத்திலிருந்து ஊற்றியது. டம்ளர் மேல் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றியது. அதற்கு அதில் நல்ல பழக்கம் இருந்தது.

"ஒரு சந்தேகம்," என்றார் பெசலேல். "மனுசன் தொட்டா என்ன ஆயிரும்?"

நான் கூஜாவின் விளிம்பைத் துடைத்தேன்.

"நீதான் கேட்ட. கிண்டலுக்குச் சொல்லலை. பதில் தெரிஞ்சா கதவுக்கு ஒத்தாசையா இருக்கும்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. சிம்ஹா அம்மாள் தன் கிளாஸை மூக்கருகே கொண்டு போனார். நுகர்ந்தார். கீழே வைத்தார்.

"என் தங்கச்சிய என்னான்னு கூப்பிடுவேன்?" என்று என்னிடம் கேட்டார். "நேத்து வரைக்கும் தெரிஞ்சுது."

எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

"அம்மா," என்றேன். "கொதிக்க வெச்சா சரியாயிரும்ங்கிறது ஒயினுக்கு மட்டுந்தானா?"

"ஒயினுக்குத்தான் சொல்லியிருக்கு."

"மனுசனுக்குக் கூடாதுன்னு சொல்லியிருக்கா?"

சிம்ஹா அம்மாள் பெசலேலைப் பார்த்தார். அவர் கழுத்துத் துவாரத்தில் ஏதோ சுழன்றது.

"சொல்லலை," என்றார்.

நான் போய்க் கொப்பரையைக் கழுவினேன். தண்ணீர் ஊற்றினேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். கைகளையும் உள்ளே வைத்துக்கொண்டேன். வலது கை வெளியே ஏறப் பார்த்தது. பிடித்து அமுக்கினேன்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. சிம்ஹா அம்மாள் ஓய்வுநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

"இனிமே நாங்க நெருப்பைத் தொட மாட்டோம் தவசி," என்றார். "தொடுன்னு யார்கிட்டயும் சொல்லவும் மாட்டோம். நீயாச்சு, அவராச்சு."

எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து கொப்பரையைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சன்னாசி டம்ளரைக் காலி செய்து, கழுவி, தன் மடியில் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"சன்னாசி அண்ணே," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என் பேரு தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒயின்ல வந்துச்சு."

"ஓகோ," என்றார்.

அண்ணே என்று சொன்னது எனக்கு நன்றாக இருந்தது. தண்ணீர்கூடக் கொஞ்சம் சூடானது போலத் தோன்றியது. இன்னொரு முறை சொன்னேன். சன்னாசி எழுந்தார். பதம் பார்க்கக் கொப்பரைத் தண்ணீரில் ஒரு விரலை விட்டார்.

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நினைத்துச் செய்யவில்லை. உடம்பு நகர்ந்தது. தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பி அடுப்பில் சிந்தியது. எல்லோரும் பார்த்தார்கள். சன்னாசி விரலை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"இன்னும் பச்சைதான்," என்று சொல்லிவிட்டு, குனிந்து இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினார்.