மருந்து வாசம்

மலைமேல் ஆனைக்கரையில் ஏலச்செடிகளுக்கு மருந்தடிப்பது சங்கையாவின் வேலை. பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலக்கி, ஹோஸைப் பிடித்துத் தூர் நனைய அடிப்பான். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். கையுறை கேட்டால் "வரும், வரும்" என்பார் சூப்பர்வைசர். வரவில்லை.

சில வருஷத்தில் மேடு ஏறினால் இளைப்பு வந்தது. பிறகு மருந்து வாசம் பட்டாலே நெஞ்சு அடைத்தது. தோட்டத்துப் பக்கமே இருக்கக்கூடாது என்றார் டாக்டர். தோட்டத்தில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீட்டைச் சுற்றித் தோட்டம்தான். சங்கையா மலையிறங்கி, கம்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனான்.

மனைவி சுருளியம்மாளால் கூடப் போக முடியவில்லை. அவள் காயெடுக்கும் வேலையை விட்டால் லயத்து வீடு போய்விடும். மகள் ஆனந்தி அங்கே பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சுருளியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான். பிடித்த கையோடு இருமத் தொடங்கி, ரோட்டோரம் குந்திவிட்டான். அவள் சேலையில் அந்த வாசம்.

அடுத்த வாரத்திலிருந்து வந்தவுடன் சீயக்காய் போட்டுக் குளித்து, அங்கேயே வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டாள். அப்படியும் முடியில் ஒட்டிக்கிடந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு சுருளி. கோவிச்சுக்காத."

"உங்க மேல எனக்கென்ன கோவம்?"

அந்தச் சுவரோரம் அவன், இந்தச் சுவரோரம் அவள். சாயங்காலம் வரை பேசிவிட்டு பஸ் ஏறுவாள்.

ஒரு தடவை அடைமழையில் தோட்ட வேலை நின்றுபோனது. அந்த வாரம் அவள் வந்தபோது சங்கையா தயங்கித் தயங்கி அருகே வந்தான். அவள் தோளில் தலை சாய்த்தான். இருமல் வரவில்லை.

"இப்பத்தான் உன் வாசம் வருது" என்றான். அக்கா எழுந்து அடுப்படிக்குள் போனாள். சுருளியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். மழை விட்டது. மறுநாளே வேலை தொடங்கியது.

ஆனந்தி பரீட்சை முடித்ததும் தாயும் மகளும் கீழே வந்துவிட்டார்கள். திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கும் மருந்தடிப்பார்கள் என்று சுருளியம்மாள் போகவில்லை. ஒரு இட்லிக் கடையில் மாவாட்டப் போகிறாள்.

இப்போது பக்கத்தில்தான் படுக்கிறாள். அவன் மூச்சு மட்டும் பழையபடி ஆகவில்லை.

"ஒரு நாள் மலைக்குப் போயி நம்ம இருந்த வீட்டப் பாத்துட்டு வருவமா?" என்று நேற்றுக் கேட்டான்.

"குளிர் குறையட்டும், பாப்போம்" என்றாள் சுருளியம்மாள். அவன் தலையாட்டினான். போக முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.